கந்தையும் பட்டும்: 'கிறஞ்ச்' ஆடைப் பாணி – ஒரு திறனாய்வு

மனிதன் உடுக்கும் உடை குளிரையும் வெயிலையும் தடுப்பதற்கும் நாணத்தைக் காப்பதற்கும் தோன்றியது என்பர். அத்துணை மட்டுமே அதன் பயனாயின் ஒரு முழத்துணியும் ஒரு கம்பளியும் எவர்க்கும் போதியனவாகும். அவற்றின் மேலும் மனிதன் உடையில் தேடுவது யாதெனின், தான் இன்னான் என்பதை வாய் திறவாது பிறர்க்கு உணர்த்தும் ஆற்றலேயாம். "ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் பழமொழி இவ்வாற்றலைச் சுட்டுகின்றது. இதனோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு பழமொழியும் தமிழில் உண்டு. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது அது. முன்னையது உடையின் தோற்றத்தைக் கருதியது. பின்னையது உடைக்கும் உடுப்போனுக்கும் இடையே நிகழும் உழைப்பைக் கருதியது. உடை கந்தையாயிருத்தலை அப்பழமொழி குற்றமாகக் கொள்ளவில்லை. அதனைத் தன் கையாற் கசக்கித் தனதாக்கிக்கொள்ளாமையையே குற்றமாகக் கொண்டது.

இவ்விரு நோக்குகளும் ஒன்றோடொன்று பொருதிய களம் ஒன்றை அண்மைக்கால உடை வரலாற்றிலே தேடுவோர்க்கு, 'கிறஞ்ச்' என வழங்கும் ஆடைப் பாணி தக்க சான்றாக அமையும். அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியிலுள்ள சியாற்றில் நகரிலும் அதன் அயலிலும் 1980களின் பிற்பகுதியில் உருப்பெற்ற இப்பாணி, 1992ஆம் ஆண்டளவில் உலகின் பெருநகர்களிலெல்லாம் பேசும் பொருளாயிற்று. இதனைப் பற்றி எழுதினோர் பெரும்பாலும் இரு கட்சியினராவர். ஒரு சாரார் அதனை அழகுணர்ச்சியற்ற சோம்பலென இகழ்ந்தனர். மறு சாரார் அதனை வணிக நாகரிகத்துக்கு எதிரான கலகமெனப் புகழ்ந்து, பின்னர் வணிகர் அதனைக் கவர்ந்துகொண்டனரே என இரங்கினர். கவரப்பட்டது யாது, அவ்வாறு கவரப்பட்டபோது இழக்கப்பட்டது யாது என்னும் வினாவை இரு சாராரும் தெளிவாக எழுப்பினாரல்லர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குதல் வேண்டும். 'கிறஞ்ச்' என்பது அமெரிக்கக் கொச்சை வழக்கில் அழுக்கு, கசடு என்னும் பொருளுடையது. அது ஆடைக்கு ஆகுமுன் இசைக்கு ஆகிய பெயர். 1981ஆம் ஆண்டில், பின்னர் 'மட்ஹனி' என்னும் இசைக்குழுவின் பாடகராக விளங்கிய மார்க் ஆர்ம், தாம் அக்காலத்திற் சேர்ந்திருந்த குழுவைத் தாமே எள்ளி நகையாடிச் சியாற்றில் நகரச் சிற்றிதழொன்றுக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை ஆண்டார். சில ஆண்டுகளின் பின் 'சப் பொப்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தாரும் ஆங்கில இசைச் சஞ்சிகையாளரும் அதனை நிலையான பெயராக்கினர். இசைக்கு வந்த பெயர் இசைவாணர் உடுத்த உடைக்கும் தொற்றியது. அவ்வுடையை வகுத்தோர் எவருமிலர்; அதற்குச் சட்டமோ திட்டமோ இருந்ததில்லை. கண்டோர் பின்னர்த் தொகுத்துரைத்த உறுப்புக்களே அதன் இலக்கணமாயின.

அவ்வுறுப்புக்களாவன: கட்டமிட்ட பிளனல் மேற்சட்டை, அதனைப் பொத்தான் பூட்டாது உட்சட்டையின்மேல் திறந்தபடி அணிதல், அல்லது இடுப்பைச் சுற்றிக் கைகளாற் முடிந்துகொள்ளுதல், முழங்காலிற் கிழிந்து நிறம் மங்கிய ஜீன்ஸ் காற்சட்டை, கிழிசலினூடே தெரியும் குளிர்காலத்து உட்காற்சட்டை, அளவிற் பெரியதாய்த் தொங்கும் கம்பளிச் சட்டை, கனத்த தொழிலாளர் சப்பாத்து, அன்றேல் கித்தான் துணியாலாய விளையாட்டுச் சப்பாத்து, சீவப்படாத நீண்ட மயிர். பெண்களாயின், பூவேலை செய்த பழைய மெல்லிய கவுணும் அதன் கீழே கனத்த சப்பாத்தும் அணிந்தனர்.

இவ்வுறுப்புக்களைத் தனித்தனியே எடுத்து நோக்கின், ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து வந்தமை புலனாகும். சியாற்றில் நகரத்தில் ஆண்டுக்கு வீழும் மழை ஏறக்குறைய 37 அங்குலமே. ஆயினும் அது பருவமழை போற் கொட்டி ஓய்வதன்று. ஆண்டின் 150 நாள் வரையிற் சிறு தூறலாய்ப் பெய்துகொண்டே இருப்பது. ஈரமும் மிதமான குளிரும் கூடிய அத்தகைய நாட்டில், வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது கழற்றி இடுப்பிற் கட்டிக்கொள்ளத்தக்க அடுக்கு உடையே உகந்தது. பிளனல் வேல்ஸ் நாட்டிற் பண்டு தொட்டு நெய்யப்பட்ட கம்பளித் துணி. பிற்காலத்திற் பருத்தியாலும் நெய்யப்பட்டது. வடமேற்குக் காடுகளில் மரந்தறிப்போர் அதனை நெடுங்காலம் அணிந்தனர். அண்டை மாநிலமாகிய ஒறிகனிலுள்ள பென்டில்ற்றன் கம்பளி ஆலை, பல வண்ணக் கட்டமிட்ட கம்பளி மேற்சட்டைகளை 1924ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொணர்ந்தது. கனத்த சப்பாத்தின் வரலாறும் இத்தகையதே. பனிச்சறுக்கிற் காலிற் காயமுற்ற ஜெர்மானிய மருத்துவர் கிளவுஸ் மார்ட்டென்ஸ், தம் நோவைத் தணித்தற்குக் காற்றடைத்த மெத்தையான அடியுடைய சப்பாத்தொன்றை வகுத்தார். அதன் உரிமையைப் பெற்று இங்கிலாந்திலே 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி வெளியிடப்பட்ட சப்பாத்தை முதலில் நாடினோர் தபாற்சேவகரும் ஆலைத் தொழிலாளருமாவர். இவை யாவும் சியாற்றில் நகரத்து இளைஞர்க்குப் புதியனவாகக் கிடைக்கவில்லை. பிறர் உடுத்துக் கழித்த ஆடைகளை மலிவாக விற்கும் அறநிலையக் கடைகளிலேயே அவற்றுட் பெரும்பாலானவற்றை அவர்கள் பெற்றனர்.

இப்பாணியோடு பிரிக்கவொண்ணாது பிணைந்த பெயர் 'நிர்வாணா' குழுவின் பாடகர் கேர்ட் கோபெய்ன் என்பவருடையது. அவர் 1967ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் என்னும் மரத்தொழிற் சிறுநகரிற் பிறந்தார். தந்தையார் மோட்டார் வாகனத் திருத்துநர். தாயார் உணவகப் பணியாளர். அவர் வளர்ந்த காலம் அந்நகர் தளர்ந்த காலமாகும். 1980களின் தொடக்கத்து வணிக மந்தமும், மனிதர் பலரின் வேலையை ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கியமையும் மரந்தறிப்போரின் வாழ்வை ஒடுக்கின. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அக்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை அழிவுக்குட்படும் உயிரென மத்திய அரசாற் சாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு நீதிமன்றத் தடையொன்று அரச காடுகளில் மரந்தறித்தலைப் பெரிதும் நிறுத்திற்று. ஆகவே, கட்டமிட்ட பிளனல் சட்டை உலகின் கண்ணிற்படும் வேளையில், அச்சட்டைக்கு உரிய தொழில் மறையும் நிலையில் இருந்தது. தந்தையர் வேலைக்குச் செல்ல அணிந்ததை வேலையற்ற மைந்தர் வீதியில் அணிந்தனர். இவ்வுண்மை கிறஞ்ச் உடைக்கு ஒரு சோகச் சாயலை அளிக்கின்றது. கோபெய்ன் அடுக்கடுக்காக உடுத்தமைக்கு மற்றொரு காரணமும் கூறப்படுகின்றது. அவர் மெலிந்த மேனியர். அம்மெலிவை மறைத்தற்குச் சட்டையின்மேற் சட்டை அணிந்தார் என்பர். கலகம் எனப் பிறர் வியந்தது ஓர் இளைஞனின் கூச்சமாகவும் இருந்திருத்தல் கூடும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். கிறஞ்ச் இசைவாணர் எல்லோரும் வறியவர் மக்களல்லர் என்பதே அத்தடை. 'சவுண்ட்கார்டன்' குழுவின் கிற்றார் வாசிப்பாளரான கிம் தயில், கேரளத்திலிருந்து சென்ற பெற்றோர்க்குச் சியாற்றில் நகரிலே பிறந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பட்டம் பெற்றவர். மார்க் ஆர்மும் அப்பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்றவர். இன்னோர் விரும்பின் வேறு விதமாக உடுத்திருக்கலாம். அக்காலத்து அமெரிக்க ரொக் இசைவாணர் இறுகப் பிடித்த பளபளக்கும் காற்சட்டையும் மருந்து தெளித்து உயர்த்திய கூந்தலும் முகப்பூச்சுமாய் மேடையேறினர். அதனை மறுத்தலும் கிறஞ்ச் உடையின் நோக்கங்களுள் ஒன்றென்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். எனவே கிறஞ்ச் உடை அறவே எண்ணமின்றி நேர்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. அதிலும் தெரிவு இருந்தது. தெரிவு உள்ள இடத்தில் அழகுணர்ச்சியும் உண்டு.

ஆயினும் தெரிவிலும் இருவகை உண்டு. கைக்கெட்டும் பொருள்களுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுதல் ஒருவகை. கைக்கெட்டாத ஒன்றன் தோற்றத்தைப் பொருள் கொடுத்துச் செய்வித்தல் மற்றொரு வகை. கிம் தயிலும் மார்க் ஆர்மும் முதல் வகையினர். அவர்கள் அணிந்த சட்டை மெய்யாகவே பழையது; மெய்யாகவே சூடு தந்தது. அதன் மங்கலும் தேய்வும் யாரோ ஒருவர் பல்லாண்டு உடுத்துத் துவைத்ததனால் வந்தவை. உடுத்தவர் யாரென அறியாவிடினும் அச்சட்டையிற் படிந்த காலம் பொய்யன்று. கிறஞ்ச் உடையின் அழகு, அதற்கு அழகு உண்டாயின், இந்தக் காலப் படிவிலேயே தங்கியிருந்தது.

1991ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் தேதி 'நிர்வாணா' குழுவினரின் 'நெவர்மைண்ட்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கல் ஜக்சனின் இசைத்தட்டைப் பின்தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டிலேயே சியாற்றில் இளைஞரைப் பற்றிய 'சிங்கிள்ஸ்' என்னும் திரைப்படமும் வெளிவந்தது. உடனே பத்திரிகையாளர் அந்நகரை மொய்த்தனர். அவர்கள் அறிய விரும்பியது ஓர் இனக்குழுவின் வழக்காறுகளை ஆராயும் ஒருவன் அறிய விரும்புவதை ஒத்தது. 1992 நவம்பர் 15ஆந் தேதி 'நியூயோர்க் ரைம்ஸ்' நாளிதழ் கிறஞ்ச் பற்றிய கட்டுரையொன்றையும் அதனோடு கிறஞ்ச் இளைஞர் வழங்குவதாகச் சில சொற்களின் அகராதியொன்றையும் வெளியிட்டது. கிழிந்த காற்சட்டைக்கு ஒரு சொல், கம்பளிச் சட்டைக்கு ஒரு சொல், கனத்த சப்பாத்துக்கு ஒரு சொல் என அது வகுத்துக் காட்டியது. அச்சொற்களில் எதனையும் சியாற்றில் நகரத்தில் எவரும் வழங்கியதில்லை. முன்னர் 'சப் பொப்' நிறுவனத்தில் வரவேற்பாளராயிருந்த மேகன் ஜாஸ்பர் என்பவர், நிருபர் வினவிய வேளையில் அவற்றை அப்போதைக்கப்போது புனைந்துரைத்தார். அடுத்த ஆண்டில் 'பவ்லர்' என்னும் சஞ்சிகை இப்புனைவை வெளிப்படுத்தியது.

இந்நிகழ்ச்சி வெறும் வேடிக்கைக் கதையாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது. இதன்கண் ஒரு திறனாய்வுக் கருத்தும் அடங்கியுள்ளது. பழைய சட்டைக்குத் தனிப்பெயர் இருக்கும் என நாளிதழ் எதிர்பார்த்தமை, அச்சட்டை ஒரு குறியீடு என அது கொண்டமையால் விளைந்தது. குறியீடாயின் அதற்குப் பெயரும் பொருளும் அகராதியும் இருத்தல் வேண்டும். உடுத்தவர்க்கோ அது சட்டை மட்டுமே. ஆதலால் அதற்கு வேறு பெயர் வேண்டியதில்லை. பயன்படும் பொருளைக் குறியீடாக மாற்றும் வேலை ஆடை வணிகர் கைக்கு வருமுன்னரே எழுத்தாளர் கையிலே தொடங்கிவிட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அதே நவம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரில் மார்க் ஜேக்கப்ஸ் என்னும் இளம் ஆடை வகுப்பாளர், 'பெரி எலிஸ்' நிறுவனத்தின் பெயரால் 1993ஆம் ஆண்டு இளவேனிற் காலத்துக்குரிய ஆடைகளை அரங்கேற்றினார். நியோமி காம்பெல், கிறிஸ்ரி ரேர்லிங்டன், கேட் மொஸ் முதலிய புகழ்வாய்ந்த அழகியர் கட்டமிட்ட சட்டையும் பூப்போட்ட கவுணும் கம்பளித் தொப்பியும் கனத்த சப்பாத்தும் அணிந்து மேடையில் நடந்தனர். ஆனால் அக்கட்டமிட்ட சட்டைகள் பிளனல் அல்ல. பிளனல் போலத் தோன்றுமாறு செய்த பட்டு. நியூயோர்க் வீதியொன்றில் 2 டொலருக்கு வாங்கிய பழைய சட்டையொன்றை இத்தாலிக்கு அனுப்பி அதே கட்டங்களைப் பட்டிலே அமைப்பித்தார் என்று சொல்லப்படுகின்றது. டிசெம்பரில் 'வோக்' சஞ்சிகை ஸ்ரீவன் மைசல் எடுத்த நிழற்படங்களோடு கிறஞ்ச் உடைக்குப் பல பக்கங்களை ஒதுக்கிற்று. அனா சுயி முதலிய பிற வகுப்பாளரும் இத்துறையிற் புகுந்தனர்.

ஜேக்கப்ஸின் ஆடைகளைக் கண்ட விமரிசகருட் பலர் சீறினர். இது கோரம் என்றனர். செல்வர் ஏன் ஏழையர் போல் உடுக்கப் பணம் கொடுக்கவேண்டும் என்றனர். சில மாதங்களுள் ஜேக்கப்ஸ் பதவியிழந்தார். அவ்வாடைகள் கடைகளுக்குப் போகவேயில்லை. ஜேக்கப்ஸ் அவற்றுட் சிலவற்றைக் கோபெய்னுக்கும் அவர் மனைவியார் கோர்ட்னி லவ்வுக்கும் அனுப்பியதாகவும், தாமிருவரும் அவற்றை எரித்துவிட்டதாகவும் 2010ஆம் ஆண்டில் கோர்ட்னி லவ் தெரிவித்தார். காலம் மாற மதிப்பும் மாறியது. அவ்வரங்கேற்றம் நவீன ஆடை வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்றெனப் பின்னர்ப் போற்றப்பட்டது. அன்று கண்டித்தோருட் சிலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். 2018ஆம் ஆண்டில் ஜேக்கப்ஸ் அவ்வாடைகளை மீண்டும் செய்து விற்பனைக்கு விட்டார்.

ஜேக்கப்ஸ் பக்கத்து நியாயத்தை முதலிற் கூறுதல் நடுவுநிலைமையாகும். தெருவிற் காணும் அழகை மேடைக்கு உயர்த்துதல் கலைஞர்க்குப் புதிதன்று. நாட்டுப்பாடலின் மெட்டைச் செவ்விசை ஏற்றிருக்கின்றது. குயவன் செய்த மட்கலத்தின் வடிவைப் பொற்கொல்லன் பொன்னில் வார்த்திருக்கின்றான். ஒன்றோடொன்று பொருந்தா எனப் பள்ளியிற் கற்பிக்கப்பட்ட பூவும் கட்டமும், மென்மையும் கனமும், ஒருங்கே நின்று கண்ணுக்கு இனிமை தருதலை அவர் கண்டார். அக்காட்சி மெய்யானது. அன்றைய விமரிசகர் அதனைக் கோரம் என்றது, விலையுயர்ந்ததே அழகு என்னும் பழைய அளவுகோலைக் கைவிட மாட்டாமையால். அவர்தம் சீற்றத்தில் ஏழையர்பாற் கொண்ட இரக்கத்தைவிடத் தம் ஒழுங்கு குலைந்ததே என்னும் வருத்தமே மிகுதி எனலாம்.

எனினும் ஜேக்கப்ஸ் கண்ட அழகில் ஒரு பாதியை மட்டுமே அவர் பட்டிற் கொண்டுவர முடிந்தது. நிறமும் கட்டமும் அடுக்கும் வந்தன, காலம் வரவில்லை. பட்டு மேற்சட்டை தூறலிற் சூடு தராது. இடுப்பிற் கட்டி இழுத்தால் நலியும். பத்தாண்டு துவைத்தால் மென்மை கூடுவதற்கு மாறாக மடிந்துபோகும். பிளனல் தேயத்தேய உடுப்போனுக்கு அணுக்கமாகும். பட்டு தேயத்தேய விலை குன்றும். பயன்பாட்டினாற் பிறந்த ஒரு தோற்றத்தைப் பயன்பாட்டைத் தாங்கமாட்டாத பொருளில் அமைத்ததே அவர் செய்த பிழை. பொருள் மாறினால் வடிவின் பொருளும் மாறும் என்னும் கலைநெறியை அவர் அத்தருணத்தில் மறந்தார். மட்கலத்தைப் பொன்னில் வார்த்தவன் அதிலே தண்ணீர் குளிரும் என எதிர்பார்க்கலாகாது.

பெண்களின் உடையிலும் இவ்வேறுபாடு தெளிவாகும். கோர்ட்னி லவ், கற் பியலண்ட் முதலியோர் மேடையில் அணிந்தது சிறுமியர்க்குரிய வெண்கழுத்துக் குட்டைக் கவுண். அதனைக் கிழிசலோடும் கலைந்த முகப்பூச்சோடும் அணிந்து, பெருஞ்சினத்தோடு பாடினர். பெண் என்றும் குழந்தை போல் அடங்கியிருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அவ்வுடை நேரே எள்ளியது. அவ்வெள்ளல் உடையில் மாத்திரம் இல்லை. உடைக்கும் குரலுக்கும் இடையே நின்ற முரணிலே இருந்தது. அக்கவுண் குரலின்றிக் கடையிற் தொங்கியபோது அது மறுபடியும் சிறுமியின் கவுணாயிற்று. எதனை எள்ளினரோ அதனையே வணிகர் விற்றனர்.

பழையதாகும் துணியை விரும்பும் போக்கு அமெரிக்கருக்குக் கிறஞ்ச் காலத்தில் முதன்முதல் வந்ததன்று. அதற்கு முப்பது ஆண்டு முன்னர்த் தமிழகத்துக் கைத்தறித் துணியொன்று அங்கே இத்தகைய விருப்பை எழுப்பியது. சென்னைப் பட்டினத்தின் பெயரால் 'மெட்ராஸ்' என வழங்கிய கட்டமிட்ட பருத்தித் துணி அது. அதன் சாயம் துவைக்குந்தோறும் கசிந்து, ஒரு நிறம் மற்றொன்றோடு கலந்தது. 1950களின் பிற்பகுதியிற் புதுச்சட்டையின் சாயம் போவது கண்டு சினந்த வாடிக்கையாளரும் இருந்தனர். விளம்பரக்காரரோ அக்குறையையே சிறப்பாக்கி, சாயம் போவது உறுதி என உத்தரவாதம் கூறி விற்றனர். 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் அத்துணியை விரும்பி அணிந்தனர்.

இதுவும் வணிகத் தந்திரமே. குறையைக் குணமாக்கிய சாமர்த்தியமே. ஆயினும் இதற்கும் பட்டுப் பிளனலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மெட்ராஸ் துணியை வாங்கியவன் புதிய துணியை வாங்கினான். அதன் பழமையை அவனே துவைத்து உண்டாக்கினான். ஒருவன் சட்டையின் மங்கல் மற்றொருவன் சட்டையின் மங்கலை ஒத்திராது. விற்பனையாளன் விற்றது காலத்தை ஏற்கும் தகுதியை; காலத்தை விற்கவில்லை. 'கசக்கிக் கட்டு' என்னும் அறிவுரை அங்கே தானாகவே நிறைவேறியது.

கிறஞ்சின் பின் வந்த காலம் இவ்வெல்லையைத் தாண்டியது. கிழிந்து மங்கிய ஜீன்ஸின் தோற்றம் 1990களைக் கடந்தும் நிலைத்தது. ஆனால் ஒருவன் பல்லாண்டு உடுத்து அத்தோற்றத்தைப் பெறும் பொறுமை சந்தைக்கு இல்லை. ஆகவே ஆலையிலேயே துணியைத் தேய்த்து, கிழித்து, வெளுத்து விற்றனர். அதற்குக் கையாண்ட முறைகளுள் ஒன்று, உயர் அழுத்தக் காற்றோடு மணலைத் துணியின்மேற் பீச்சுதல். அம்மணலின் நுண்டூள் அதனைப் பீச்சுவோரின் நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நோய்க்குத் தீர்வு இல்லை. துருக்கி நாட்டில் காற்றோட்டமற்ற சிறு பட்டறைகளில் இவ்வேலை செய்த இளைஞர் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். 2009ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு ஜீன்ஸ் துணிக்கு மணல் பீச்சுதலைத் தடைசெய்தது. 2010இல் லீவைஸ் முதலிய பெரு நிறுவனங்கள் அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. அதன் பின்னரும் வேறு நாடுகளில் அது சிறிது காலம் தொடர்ந்தது.

கிறஞ்ச் பற்றிய விவாதம் வெறும் இரசனை விவாதமன்று என்பது இவ்விடத்திலேயே விளங்கும். அபர்டீன் நகரத்து மரந்தறிப்போனின் சட்டையிற் கண்ட தேய்வு அவனது உழைப்பின் தடம். ஆலையிற் செய்த தேய்வும் உழைப்பின் தடமே. ஆனால் உடுப்போனுடைய உழைப்பின் தடமன்று. உடுப்பவன் வாழாத பத்தாண்டுகளை அவனுக்காக வேறொருவன் சில நிமிடங்களில் தன் மூச்சைக் கொடுத்துச் செய்தான். பழமையை விலைக்கு வாங்க விரும்புவோர்க்கு அதன் விலை கடைச்சீட்டில் எழுதியதைவிட அதிகம் என்பதை இது காட்டுகின்றது. ஏழையின் கந்தையைப் போலச் செய்த ஆடை, அதனைச் செய்த ஏழையை மேலும் வறியவனாக்கிற்று. இம்முடிவை 1992ஆம் ஆண்டின் விமரிசகர் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது; கோபெய்ன் நினைத்தும் இரார்.

கோபெய்ன் 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் 27ஆம் வயதில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் 1993 நவம்பர் 18ஆந் தேதி நியூயோர்க்கில் ஒளிப்பதிவான இசை நிகழ்ச்சியில் அவர் அணிந்திருந்த மங்கிய பச்சைநிறக் கம்பளிச் சட்டை 2019 ஒக்டோபரில் ஏலத்துக்கு வந்தது. செயற்கை நூலும் ஆட்டுமயிரும் கலந்து நெய்த சாதாரணச் சட்டை அது. பொத்தானொன்று அதிற் காணப்படவில்லை; சிகரெட் நெருப்பாற் சுட்ட துளையும் கறைகளும் இருந்தன. அவர் அணிந்த பின் அது துவைக்கப்படவேயில்லை என்பதும் விற்பனைச் சிறப்பாகச் சொல்லப்பட்டது. 3,34,000 டொலருக்கு அது விலைபோயிற்று. கந்தையைக் கசக்காமல் வைத்திருந்தமைக்கே விலை கிடைத்தது. அதனை இனி எவரும் உடுத்தார். உடுத்தால் அதன் மதிப்புக் குறையும். சட்டையாய் இருந்தது திருச்சின்னமாய் மாறி, சட்டையாய் இருத்தலினின்று நீங்கிவிட்டது.

மற்றொரு நிகழ்ச்சியும் இதனோடு எண்ணத்தக்கது. 2018இல் மீள வெளியிட்ட ஆடைகளுள் ஒன்றில் ஜேக்கப்ஸ் அமைத்த சிரித்த முகம், தமது குழுவின் அடையாள முகத்தை ஒத்தது எனக் கூறி, 'நிர்வாணா' குழுவின் உரிமையாளர் அவ்வாண்டு டிசெம்பரில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு 2024ஆம் ஆண்டில் இணக்கமாக முடிந்தது. பழைய ஆடைக் கடையில் எவருக்கும் உரித்தாயிருந்த ஒரு தோற்றத்தின் வாரிசுகள், அதன் சின்னத்துக்கு உரிமை கோரி நீதிமன்றில் நின்றனர். சட்டப்படி அவர்கள் கோரிக்கை நேர்மையானதாகலாம். எனினும் யாரும் உடைமை கொண்டாடாத பொருளாயிருந்ததே கிறஞ்ச் உடையின் தனிச்சிறப்பு என்பதை நினைவிற் கொள்ளும்போது, அவ்வழக்கின் இரு பக்கத்தாரும் அச்சிறப்பினின்று நெடுந்தூரம் வந்துவிட்டனர் என்றே கூறுதல் வேண்டும்.

மேலே ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்கின் முடிவு வருமாறு அமையும். கிறஞ்ச் உடை அழகுணர்ச்சியற்றது என்போர் கூற்றுப் பொருந்தாது. பயன்பாட்டினாலும் காலத்தினாலும் விளையும் அழகை அது காட்டியது. அது தூய கலகம் என்போர் கூற்றும் முற்றும் பொருந்தாது. குளிரும் வறுமையும் கூச்சமும் அயலிற் கிடைத்த மலிவும் அதனை ஆக்கிய காரணங்கள். வணிகர் அதனைக் கவர்ந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கவர்ந்தது தோற்றத்தையே. உடுப்போனுக்கும் துணிக்கும் இடையே ஆண்டுகள் கடந்து உருவாகும் உறவை அவர்களாற் கவர முடியவில்லை. அதனைப் போலிசெய்ய முயன்றபோதெல்லாம் பிறர்க்குத் தீங்கே விளைந்தது.

கட்டமிட்ட சட்டையும் கிழிந்த காற்சட்டையும் இனியும் பலமுறை மோஸ்தராய் வந்து போகும். 2013ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் 'சான் லோரன்' நிறுவனத்துக்கு ஹெடி சிலிமான் வகுத்த ஆடைகளும் அத்தகைய மீள்வரவுகளுள் ஒன்று. அவற்றை அணிய விரும்பும் இளைஞன் அணிதலிற் குற்றமில்லை. அவனை நோக்கி எழுப்பவேண்டிய வினா, அவனது சட்டை எந்தப் பாணியைச் சேர்ந்தது என்பதன்று. அதன் கிழிசல் எவ்வாறு வந்தது என்பதே. தன் முழங்காலாலும் தன் கையாலும் வந்த கிழிசலாயின், அன்றேல் முன்னொருவர் உடுத்துக் கழித்த சட்டையை மலிவாய் வாங்கித் துவைத்து அணிந்ததாயின், அவன் சியாற்றில் நகரத்து இளைஞரின் வழியிலே நிற்கின்றான். பணங் கொடுத்து ஆலையிற் செய்வித்த கிழிசலாயின், அவன் அணிந்திருப்பது பிறனொருவனுடைய உழைப்பின் தேய்வு என்பதை அவன் அறிந்திருத்தல் நன்று.